காஃப் மலையும் கண்ணாடியும்

என் வயதுக்காரர்களான முஸ்லிம் பிள்ளைகளிற் பலர் ‘பாரசீகம்’ என்ற சொல்லை முதன்முதலில் அறிந்தது பிர்தௌஸியின் பெயரோடும் அல்ல, மத்ரசாவில் ஓதியபோதும் அல்ல. ஒரு கணினித் திரையில்தான். வெள்ளை உடுத்த ஒருவன் நிலவறைக்குள் தள்ளப்படுகிறான். கையில் வாள் இல்லை. மேலே, கோபுரத்தில் ஓர் இளவரசி. சுல்தான் தூரதேசத்தில் போரில் இருக்க, வஸீர் ஜஃபர் அவளுக்குக் கொடுத்திருக்கும் அவகாசம் ஒரு மணித்தியாலம். அவனை மணக்க வேண்டும், இல்லையேல் சாக வேண்டும். மணற்கடிகாரம் ஒழுகத் தொடங்கும்போது விளையாட்டும் தொடங்குகிறது.

‘பிரின்ஸ் ஒஃப் பேர்சியா’ 1989இல் அப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. எழுதியவர் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர். கதை, படம், நிரல் எல்லாம் பெரும்பாலும் அவர் ஒருவரின் கைவேலை. மறுவருடம் சாதாரணக் கணினிகளுக்கான வடிவம் வந்தது. நமது பக்கத்துக் கணினி வகுப்புகளுக்குப் பிரதிக்குப் பிரதியாக வந்து சேர்ந்தது அதுதான். முதற் கட்டம் முடிந்ததும் குப்பிகள் நிறைந்த ஓர் அறை வரும். விளையாட்டோடு விற்கப்பட்ட கையேட்டிலுள்ள எழுத்துக்குரிய குப்பியை அருந்தினால்தான் வழி திறக்கும். கையேட்டைக் கண்டவர் எங்களில் எவருமில்லை. புத்தளத்தில் நான் படித்த வகுப்பில் யாரோ ஒருவர் எழுத்துகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார். நாங்கள் மனனமிட்ட முதல் ஆங்கிலப் பாடம் அதுவாகவும் இருக்கலாம்.

1993இல் இரண்டாம் பாகம் வந்தது. பின்னர் இது முப்பரிமாணப் படைப்பாகி வேறொரு திசையில் போயிற்று. 2010இல் ஒரு பாகமும் ஹொலிவூட் படமொன்றும் வந்து ஓய்ந்தபின், நீண்ட காலத்துக்குப் பெரிதாக எதுவும் வரவில்லை. கடைசியில் 2024 ஜனவரியில் பிரான்சின் மொன்பெல்லியே நகரிலுள்ள யுபிசொஃப்ட் கலைஞர்கள் ‘த லொஸ்ட் கிரவுன்’ என்ற பெயரில், பக்கவாட்டாக ஓடிப் பாய்ந்து ஏறும் அந்தப் பழைய வடிவத்துக்கே திரும்பிவந்தார்கள். பழையதில் வளர்ந்தவர்கள் காத்திருந்தது இதற்காகத்தான். அது எப்படி இருக்கிறது என்பதைவிட, அது யாருடைய பாரசீகம் என்பதே எனக்கு முக்கியமான கேள்வியாகப் படுகிறது.

முதலாவதன் பாரசீகத்தில் பாரசீகர் எவருமில்லை. மெக்னர் 1985இல் தன் தம்பிக்கு வெள்ளை உடை உடுத்தி, ஒரு வாகனத் தரிப்பிடத்தில் ஓடவும் பாயவும் விட்டுப் படம்பிடித்தார். அந்தப் படச்சட்டங்களை ஒவ்வொன்றாகத் தடவி வரைந்ததுதான் நாயகனின் உடல். வாட்சண்டை 1938இல் வெளிவந்த ரொபின் ஹூட் திரைப்படத்திலிருந்து எடுக்கப்பட்டது. கதைச்சூழலை ஆயிரத்தொரு இரவுகள் கொடுத்தது என்பார்கள். உண்மையில் கொடுத்தது ஆயிரத்தொரு இரவுகளைப் பற்றி ஹொலிவூட் வைத்திருந்த ஞாபகம்தான். எட்வேர்ட் செய்த் 1978இல் எழுதிய நூலுக்குப் பிறகு இத்தகைய பிரதிகளைக் ‘கீழைத்தேயவாதம்’ என்ற ஒரு சொல்லால் முடித்துவைப்பது விமர்சகர்களுக்கு இலகுவாகிவிட்டது. சொல் சரியானதுதான். ஆனால் அத்தோடு நின்றால் சுவையான பகுதியை இழந்துவிடுவோம்.

ஜஃபரை எடுத்துக்கொள்வோம். வரலாற்று ஜஃபர், கலீபா ஹாரூன் அல்-ரஷீதின் அமைச்சரான ஜஃபர் இப்னு யஹ்யா அல்-பர்மகீ. பல்க் நகரிலிருந்து வந்த பர்மகீ குடும்பத்தவர். 803ஆம் ஆண்டு அதே கலீபாவின் கட்டளையால் கொல்லப்பட்டவர். ஆயிரத்தொரு இரவுகளில் அவர் வில்லன் அல்லர். இரவில் மாறுவேடத்தில் பக்தாத் வீதிகளில் அலையும் கலீபாவுக்குத் துணை போகிறவர். ‘மூன்று அப்பிள்கள்’ என்ற கதையில் கொலையாளியை மூன்று நாட்களுக்குள் பிடிக்காவிட்டால் உன் தலை போகும் என்று கலீபா கெடு வைப்பது இந்த ஜஃபருக்குத்தான்! அதாவது மூலத்தில் கடிகாரத்துக்கு அஞ்சி நடுங்குகிறவர் ஜஃபர். விளையாட்டிலோ கடிகாரத்தைத் திருப்பிவைக்கிறவர் அவர். இந்த மாற்றம் நடந்த இடம் 1940இல் வந்த ‘த தீஃப் ஒஃப் பக்தாத்’ படம் என்றுதான் கொள்ள வேண்டும். அதில் கொன்ராட் வைட் நடித்த கொடிய வஸீரின் பெயர் ஜஃபர். அங்கிருந்து 1989இல் மெக்னரிடம். 1992இல் டிஸ்னியின் ‘அலாதீன்’ படத்தில். பாரசீகத்தின் பெயரைத் தாங்கிய ஒரு கதையில், பாரசீக நிலத்தோடு வேர்த்தொடர்புள்ள ஒரே ஆளை வில்லனாக்கியிருக்கிறார்கள். நம் ஊர்களில் தெருவுக்கு ஒரு ஜஃபர் இருக்கிறார். கணினி வகுப்பில் அந்தப் பெயருள்ள பையன்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

இதில் நாமும் சுத்தமானவர்கள் அல்லர். எம்.ஜி.ஆரின் ‘பாக்தாத் திருடன்’ (1960) பக்தாதிலிருந்து வரவில்லை. பிறர் மனையாளுக்காகச் சூழ்ச்சி செய்யும் அதிகாரியைத் தேடி நாம் கிழக்கே பார்க்கவும் வேண்டியதில்லை. ஊர்காவற்றுறையோடு சேர்த்துச் சொல்லப்படும் பூதத்தம்பி கதை இருக்கிறது. அழகவல்லிமேல் ஆசை கொண்ட அந்திராசி, ஊர்காவற்றுறைக் கோட்டை வேலைக்கு மரம் வேண்டுமென்று சாட்டுச் சொல்லி, அவள் கணவனின் கையொப்பத்தை வெற்றுத்தாளில் வாங்கி, அதைத் துரோகக் கடிதமாக்கி ஒல்லாந்தரிடம் கொடுத்தான் என்று கதை போகிறது. அந்திராசிக்கும் ஜஃபருக்கும் தொப்பியில்தான் வித்தியாசம். கடலுக்குள் நிற்கும் ஹமன்ஹீல் கோட்டையை ஊர்காவற்றுறை இறங்குதுறையில் நின்று பார்க்கிற ஒரு பிள்ளைக்கு, ‘கோட்டைக்குள்ளே நிலவறை, நிலவறைக்குள்ளே ஒரு மனிதன்’ என்பது பாரசீகக் கற்பனை அன்று. அந்தக் கோட்டை பல காலம் சிறையாகவே இருந்தது.

இனிப் புதியதற்கு வருவோம். ‘த லொஸ்ட் கிரவுன்’ இந்த அறியாமையைத் திருத்த உண்மையாகவே முயன்றிருக்கிறது. நாயகன் இளவரசன் அல்லன். ‘மரணமற்றவர்’ எழுவரில் இளையவனான சார்கொன் என்ற வீரன். மகாராணி தொமிரிஸின் மகன் கஸ்ஸான் கடத்தப்பட்டுக் காஃப் மலைக்குக் கொண்டுபோகப்படுகிறான். கடத்தியவள், சார்கொனுக்குப் போர் கற்பித்த அனாஹிதா. மீட்கப் போகிறவர்களுக்கு முன்னே மலைநகரம் காலம் சிதைந்து கிடக்கிறது. அதைக் காத்த சீமுர்க் பறவை மறைந்துவிட்டது. இந்தத் தொடரில் முதன்முறையாகப் பாத்திரங்கள் பார்ஸி மொழியில் பேசுகின்றன. அமைப்பில் அந்த மொழியைத் தெரிந்துகொண்டு விளையாடிப் பாருங்கள்; ஆங்கிலத்தில் சாதாரண வீரவசனமாக ஒலித்தது வேறொன்றாகிவிடுகிறது. இசையில் பங்குகொண்டவர்களில் ஈரானில் பிறந்த மென்ட்ரிக்ஸ் என்ற பெண் கலைஞரும் ஒருவர். இவை சிறிய காரியங்கள் அல்ல. 34 வருடங்களுக்குப் பின் பாரசீக இளவரசனின் உலகுக்குப் பாரசீகம் கேட்கத் தொடங்கியிருக்கிறது.

ஆனாலும் பெயர்களைக் கொஞ்சம் உரசிப் பார்த்தால் நிறம் மங்குகிறது. சார்கொன் அக்காத் நாட்டு அரசனின் பெயர். கஸ்ஸான் அரபுப் பெயர். தொமிரிஸ் யார்? பாரசீகப் பேரரசை நிறுவிய சைரஸைப் போரில் வீழ்த்தியவள் என்று ஹெரோடோட்டஸ் எழுதிய மஸ்ஸகெத்தே அரசி. அவள் பெயரைப் பாரசீகத்தின் மகாராணிக்கு இடுவது, நம் நாட்டுக் கதையொன்றில் கண்டி அரசனுக்கு ஒல்லாந்தத் தளபதியின் பெயரை வைப்பதுபோல. காலம் சிதைந்த மலையென்பதால் மன்னித்துவிடலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். நல்ல சமாதானம்தான்.

என் மனக்குறை வேறு. இந்த விளையாட்டு பழைய தவறுக்குப் பரிகாரமாகத் தேர்ந்துகொண்ட பாரசீகம், இஸ்லாத்துக்கு முந்திய பாரசீகம். சுல்தான் போய்விட்டார், வஸீர் போய்விட்டார். அவர்களோடு பள்ளிவாசலும் பாங்கொலியும் மினாராவும் போய்விட்டன. கொடிய முஸ்லிமைக் காட்டுவது தவறு என்று உணர்ந்தவர்கள், முஸ்லிம் இல்லாத காலத்துக்குக் கதையைக் கொண்டுபோய்விட்டார்கள். வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. யாரையும் புண்படுத்தாத வழியைத் தேடிப் போனவர்களுக்கு அது கண்முன்னே திறந்துகிடந்த கதவாக இருந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கதவுக்குள் போன பிறகும் அவர்கள் கைக்கு அகப்பட்ட அழகான பொருட்கள் எல்லாம் முஸ்லிம்கள் பாதுகாத்து வைத்தவை. சீமுர்க் பழைய பறவைதான். அவெஸ்தாவிலேயே அதன் மூதாதை உண்டு. பிர்தௌஸி 1010ஆம் ஆண்டளவில் முடித்த ஷாநாமாவில் அது கைவிடப்பட்ட குழந்தை ஸாலை எடுத்து வளர்க்கிறது. ஆனால் அங்கே அதன் கூடு அல்பொர்ஸ் மலையில். சீமுர்க் காஃப் மலையில் இருக்கிறது என்று பறவைகளிடம் ஹுத்ஹுத் சொல்வது 12ஆம் நூற்றாண்டில் நிஷாபூரின் சூபிக் கவிஞர் அத்தார் எழுதிய ‘மன்திகுத் தைர்’ காவியத்தில்தான். காஃப் மலையோ, உலகைச் சுற்றி மரகதமாய் நிற்கும் மலையென்று முஸ்லிம் புவியியலாளர் விவரித்தது. குர்ஆனின் 50ஆவது சூராவின் பெயரோடு அதைத் தொடர்புபடுத்திய உரைகாரரும் உண்டு. இந்த விளையாட்டில் உயிரூட்டிக்கொள்ளவும் இடைநிறுத்தவும் உதவும் பொன்னொளி மரங்களுக்கு ‘வக்வக்’ என்று பெயர். மனிதத் தலைகளைக் கனியாகத் தாங்கும் அந்த மரத்தை நமக்குச் சொன்னவர்கள் அரபு, பாரசீக அதிசயநூல்காரர்கள். எனவே சார்கொன் ஏறும் மலையின் முகவரி ஒரு சூபி எழுதியது. முகவரியை வைத்துக்கொண்டு எழுதியவரின் பெயரைக் கிழித்துவிட்டார்கள்.

இது நமக்கு அந்நிய விவகாரம் அன்று. நாமா, கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து என்று அரபும் பார்ஸியும் கலந்த வழியாகத் தமிழுக்குள் வந்த வடிவங்களில் பாடிய சமூகம் நம்முடையது. 16ஆம் நூற்றாண்டின் ‘ஆயிரம் மசலா’வின் மூலமும் பார்ஸி என்றே சொல்லப்படுகிறது. பாரசீகம் என்றால் நமக்கு அக்கீமெனிய அரண்மனைத் தூண் மட்டும் அல்ல, ஓர் ஓதல் மெட்டும் கூட.

இப்போது கண்ணாடிக்கு வருகிறேன். பழைய விளையாட்டில் நான்காம் கட்டத்தின் முடிவில் ஒரு கண்ணாடி வழியை மறித்து நிற்கும். ஓடிவந்து அதற்குள் பாய்ந்தால்தான் மறுபுறம் போகலாம். பாயும்போது உயிர் அறுந்துபோய்விடும். நாயகனின் நிழலுரு ஒன்று எதிர்ப்பக்கமாக வெளியேறி ஓடிவிடும். பின்பு அது வந்து நமக்குரிய மருந்துக் குப்பியைக் குடித்துவிட்டுப் போகும். இன்னோரிடத்தில் நாம் பாய்ந்து பற்றப் போகும் வேளையில் கதவை மூடிவிடும். கடைசியில் வாளோடு எதிரே வந்து நிற்கும். அதை வெட்டினால் நம் உயிர் குறைகிறது. கொன்றால் நாம் சாகிறோம். செய்யவேண்டியது ஒன்றுதான்: வாளை உறையிலிட்டு, அதை நோக்கி நடந்து, அதோடு ஒன்றாகிவிடுவது. பிறகு, பாதாளத்தின் மேல் தளமே இல்லாத இடத்தில் நடந்தால் காலடியில் தளம் தோன்றும்.

இதை எந்த வழிகாட்டியும் இல்லாமல் கண்டுபிடித்த இரவை நான் மறக்கவில்லை. எத்தனை முறை என்னையே நான் வெட்டிச் செத்திருப்பேன்! எங்கள் மூத்தம்மா நஃப்ஸைப் பற்றிச் சொன்னதெல்லாம் விளங்கியது அன்றைக்குத்தான் என்று சொன்னால் அது மிகை. ஆனால் வாளை உறையிலிடும் பொத்தானை அழுத்தியபோது விரல் நடுங்கியது உண்மை.

அந்த நிழலுரு பிறந்த விதம் இன்னும் சுவையானது. அப்பிள் 2இல் நினைவகம் தீர்ந்துபோயிருந்தது. இன்னோர் எதிரியை வரைந்து வைக்க இடமில்லை. இருந்த நாயகனின் படச்சட்டங்களையே கணக்கு முறையில் புரட்டி, அவனையே அவனுக்கு எதிரியாக்கினார் மெக்னர். வறுமை கொடுத்த உருவகம் அது. முப்பது பறவைகள் ஏழு பள்ளத்தாக்குகளைக் கடந்து சீமுர்க்கைத் தேடிப்போய்க் கடைசியில் கண்டது தங்களையே என்றார் அத்தார். பார்ஸியில் ‘சீ முர்க்’ என்றாலே முப்பது பறவைகள். அத்தாரின் பெயரே எழாத ஒரு விளையாட்டு, பொய்யான பாரசீகத்தில் நின்றுகொண்டு, அத்தார் நின்ற இடத்துக்கு வந்துவிட்டது.

புதியதில் சீமுர்க் இருக்கிறது, காஃப் இருக்கிறது, நிழலும் இருக்கிறது. ‘சீமுர்க்கின் நிழல்’ என்பது சார்கொன் பெறும் ஒரு ஆற்றலின் பெயர். ஓரிடத்தில் உன் நிழலுருவை நிறுத்திவிட்டுப் போகலாம். ஆபத்து வரும்போது ஒரு பொத்தானில் அந்த இடத்துக்குத் திரும்பிவிடலாம். முட்சக்கரங்களுக்கு நடுவே இந்த ஆற்றலை வைத்து அமைத்திருக்கும் சில அறைகள், இந்த வகை விளையாட்டுகளில் நான் கண்டவற்றுள் மிகச் சிறந்தவை. கை மகிழ்கிறது. ஆனால் நிழல் இப்போது ஒரு கருவி. அதற்கு நம்மீது எந்தக் கோபமும் இல்லை. சீமுர்க்கின் இறகு சேரச் சேர ஆற்றல் கூடுகிறதே தவிர, தேடுகிறவன் குறையவில்லை. அத்தாரின் பறவைகள் வழியெல்லாம் இழந்துகொண்டே போயின. சார்கொன் வழியெல்லாம் சேர்த்துக்கொண்டே போகிறான்.

காலத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழையதில் ஒரு மணித்தியாலம், அவ்வளவுதான். செத்தால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்துக்குப் போவாய், கடிகாரம் திரும்பாது. 2003இல் வந்த ‘த சேண்ட்ஸ் ஒஃப் டைம்’ ஒரு குத்துவாளைக் கையில் தந்து, விழுந்தால் சில நொடிகளைப் பின்னோக்கிச் சுருட்ட விட்டது. 2024இல் கெடுவே இல்லை. காலம் முழுதும் ஒரு நிலப்படமாக விரிந்துகிடக்கிறது.

1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அந்த மாதத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டோர் 70,000க்கும் அதிகம். தீவுப்பகுதியில் அதற்கு இரண்டு மாதம் முன்னரே, ஓகஸ்ட் சண்டையோடு சனம் மதபேதமின்றிச் சிதறிவிட்டது. புத்தளத்தில் இருந்துகொண்டு அந்தத் திரையில் ஒழுகிய மணலை எங்களைப் போன்ற பிள்ளைகள் பார்த்த பார்வை, அமெரிக்கப் பிள்ளைகளின் பார்வையாக இருந்திருக்காது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அப்பால் போவார்கள்.

மெக்னருக்கும் இது தெரிந்திருந்தது என்பதை வெகுகாலம் கழித்துத்தான் அறிந்தேன். அவருடைய தந்தை வியன்னாவில் பிறந்த யூதர். நாஜிகளிடமிருந்து தப்பிச் சிறுவனாகப் பிரான்சில் அலைந்தவர். 2023இல் பிரெஞ்சிலும் 2024இல் ஆங்கிலத்திலும் வெளிவந்த ‘ரீப்ளே’ என்ற சித்திர நூலில், வேரோடு பிடுங்கப்பட்ட அந்தக் குடும்பத்தின் கதையையும் தன் விளையாட்டுகளின் கதையையும் அவர் பின்னி எழுதியிருக்கிறார். அகதியின் மகன் செய்த கடிகாரத்தை அகதிகளின் பிள்ளைகள் விளையாடினோம். இரு தரப்பாருக்கும் அப்போது இது தெரியாது.

புதியதில் என்னை நிறுத்திவைத்த இடங்கள் இரண்டு. ஒன்று, உறைந்த கடல். ஒரு கடற்போர் நடுவில் காலம் நின்றுவிட்டது. அலைகள் எழுந்தபடி எழுந்தே நிற்கின்றன, உடைந்த கப்பல்களின் பலகைகள் விழாமல் அந்தரத்தில் தொங்குகின்றன, சார்கொன் அவற்றின்மேல் ஏறி நடந்து போகிறான். கரம்பொன் பக்கம், கூரையில்லாத கல்வீட்டு நடுவறையில் ஆலமரம் முளைத்து நிற்க, சுவரில் கலண்டர் மாட்டிய ஆணி மட்டும் அப்படியே இருப்பதைக் கண்டவர்களுக்கு அந்தக் கடலை விளக்கத் தேவையில்லை.

மற்றது ‘நினைவுச் சில்லு’. இப்போது திறக்கமுடியாத கதவொன்றைக் கண்டால், அந்த இடத்தைப் படமெடுத்து நிலப்படத்தில் குத்திவைக்கலாம். பிறகு ஆற்றல் கிடைத்ததும் தேடி வரலாம். ஆனால் சில்லுகள் எண்ணிக்கையாகத்தான் கிடைக்கும். தீர்ந்துவிட்டால், பழைய படமொன்றைக் கழற்றித்தான் புதியதைக் குத்த வேண்டும். எதைக் கழற்றுவது? உலகம் முழுதும் விமர்சகர்கள் இதை ஒரு வசதியாகப் பாராட்டினார்கள். எனக்கு அது இந்த விளையாட்டின் ஒரே கவிதையாகப் பட்டது. வடபுல முஸ்லிம் எழுத்தாளர்கள் 35 வருடங்களாகச் செய்வது இதைத்தான். தெரு, கிணறு, பள்ளியின் ஹவுழ், ஒரு புளியமரம். எல்லாவற்றையும் குத்திவைக்க எவருக்கும் சில்லுகள் போதவில்லை.

நல்ல படைப்பு விற்றுத் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. விமர்சகர்கள் புகழ்ந்த இந்த விளையாட்டு நிறுவனம் எதிர்பார்த்த அளவுக்கு விற்கவில்லை. 2024 முடிவதற்குள் அதைச் செய்த குழுவைக் கலைத்து வேறு வேலைகளுக்கு அனுப்பிவிட்டார்கள்.

தங்கையின் மகன்தான் இதை எனக்கு அறிமுகப்படுத்தியவன். பெருநாள் விடுமுறையில் வந்தவனுக்குப் பதிலுக்கு நான் பழையதைக் கணினியில் போட்டுக் காட்டினேன். முதல் மூன்று நிமிடத்தில் ஐந்து தரம் முட்குழியில் விழுந்தான்.

“மாமா, இதில பின்னுக்குப் போற பட்டன் எது?”

இல்லையென்றேன். நம்பாமல் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தான். மறுநாள் சுபஹுக்குப் பிறகு தானாகவே போய் உட்கார்ந்தான். கண்ணாடிவரை வந்துவிட்டான், கடிகாரத்தில் 23 நிமிடம் மிச்சம். அதன் முன்னே நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் ஒன்றும் சொல்லவில்லை.